வயிற்றின் மேல் ஒரு மாவிளக்கு

வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டிவனம் போகும் டவுன் பஸ்ஸில் கலைமதியைப் பார்த்தவர்கள் அவளை ஒரு மாதிரியானவள் என்று நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. நன்றாக உட்கார்ந்திருப்பாள். திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறித் 'தொம்'மென்று இறங்கும். மறுபடி உட்கார்ந்துகொள்வாள். அடுத்த ஊர் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் திரும்பவும் எழுந்திருப்பாள். ஒருநாள் கண்டக்டர் கேட்டே விட்டார்.

"இன்னாம்மா, ஓசி டிக்கெட்டுல எக்சர்சைஸா?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் விழுந்து விழுந்து சிரிக்க அவளால் முடியாது. வாய்விட்டுச் சிரித்தால் அடிவயிற்றில் யாரோ உள்ளிருந்து நூல் போட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்திருந்தால் பஸ் குலுங்குவது நேரே அங்கேதான் போய் இறங்கும். நின்றால் முழங்கால் பாதியை வாங்கிக்கொள்ளும். இதை எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது.

திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. வருகிறவர்களுக்கு மேல் தட்டில் இருப்பதும் பிடிக்கும், கீழ் தட்டில் இருப்பதும் பிடிக்கும், எதிரே கண்ணுக்கு நேராக இருப்பது மட்டும் பிடிக்காது. எக்கி எடுக்க வேண்டும், குனிந்து எடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் அஸ்வினி சின்னப் பெண், நல்ல பெண். "அக்கா, கீழ இருக்கறத நான் எடுக்கறேன், நீ மடிச்சிக்கினு இரு" என்பாள். கலைமதிக்கு அது ஆறுதலாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். முப்பத்தாறு வயதில் குனிந்து ஒரு புடவை எடுக்க முடியாத உடம்பு என்ன உடம்பு என்று தன்மேலேயே கோபம் வரும்.

மூத்தது பெண், சிசேரியன். இரண்டாவது பையன், அவனும் சிசேரியன். அதே சூட்டோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்து அனுப்பினார்கள். அப்போதெல்லாம் ஒன்றும் இல்லை. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் இந்த இழுப்பு தலைகாட்டியது. முதலில் மாதவிலக்கு நாட்களில் மட்டும். பிறகு மழைபோல எப்போது வேண்டுமானாலும்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொரு இடத்தில் எடுத்தார்கள், அங்கேயும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் மனுஷனுக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? கலைமதிக்கு அதுவே வினையாகப் போயிற்று. கல் இருக்கிறது, கட்டி இருக்கிறது என்றால் நான்கு பேர் இரக்கப்படுவார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லாத வலிக்கு வேறு பெயர் இருக்கிறது. "வேலைக்குப் போறவ, சோம்பல்ல சொல்றா" என்று ஒருத்தி. "கேஸ் டிரபுளு" என்று ஒருத்தி. "சூடு, எண்ண தேச்சி குளி" என்று இன்னொருத்தி. தெருவில் பாதிப் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். பழைய ஃபிரிட்ஜை விற்றதுபோல அதைப் பற்றிப் பேசுவார்கள். "எடுத்துப் போட்டுடு கலை, பேஜாரு உட்டுது" என்று குழாயடியில் ஆளாளுக்குச் சிபாரிசு.

மாமியார் அஞ்சம்மாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். அவள் உருகி உருகிப் பார்த்துக்கொண்டாள், அதுதான் தொந்தரவு. "கொடலு ஏறிக்கினுது" என்று முடிவு செய்து, பக்கத்து ஊரில் வயிறு நீவி விடும் ஒருத்தியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தம்மா விளக்கெண்ணெயைத் தடவி இரண்டு கட்டை விரலாலும் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்ததில் கலைமதி கண்ணில் பூச்சி பறந்தது. பாயைவிட்டு எழுந்திருக்க நாளாயிற்று. அதற்குப் பிறகு அஞ்சம்மாள் மனிதர்களை விட்டுவிட்டு நேரே மாரியம்மனிடமே போய்விட்டாள். "ஆத்தா, எம் மருமவ வயித்துல இன்னொரு தபா கத்தி படாம நீதான் பாத்துக்கணும். ஆடியில அவ வயித்து மேல மாவெளக்கு போட வெக்கறேன்" என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

வேண்டுதல் ஒருபக்கம் இருக்க, வல்லரசு அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனான். வல்லரசு அவள் புருஷன். சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, நெல் மூட்டை, யாராவது வீடு மாற்றினால் பீரோ கட்டில் என்று எது கிடைத்தாலும் ஏற்றுகிறவன். இரண்டு பேரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். கடைக்கு மூட்டை இறக்க வந்தவன், வாங்காத புடவைக்கெல்லாம் விலை கேட்டுக்கொண்டு நின்றதில் ஆரம்பித்த கதை அது.

விழுப்புரத்து டாக்டர் பெயர் பிரபாவதி. நிதானமான மனுஷி. சொல்வதை முழுசாகக் கேட்டார். முதல்முறையாக ஒருவர் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லாமல் வேறு ஏதோ சொன்னார்.

"முன்னாடி ஆபரேஷன் பண்ண எடம் ஆறும்போது, உள்ள இருக்கறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது உண்டும்மா. குடல், கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாம் வழுக்கிக்கிட்டு நகரணும். ஒட்டிக்கிட்டா நகராது, இழுக்கும். ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும். இருந்தா அப்பவே பிரிச்சு விடலாம்."

"பிரிச்சி வுட்டா நல்லாயிடும்ங்களா?" என்றான் வல்லரசு.

"அங்கதான் விஷயமே. பிரிச்ச எடமே மறுபடி ஒட்டலாம். சில பேருக்கு வலி போயிடுது, சில பேருக்குக் குறையுது, சில பேருக்கு அப்படியேதான் இருக்கு. பிரிக்கும்போது குடல்ல பட்டுடற ஆபத்தும் கொஞ்சம் உண்டு. அதனால எல்லாருக்கும் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன்." டாக்டர் கலைமதியைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வலியால உங்க வாழ்க்கையில எது நின்னு போச்சு?"

நல்ல கேள்விதான். கேட்ட இடம்தான் சரியில்லை. நம்ம பக்கத்தில் டாக்டர் அறைக்குள் நோயாளி மட்டும் போனதாகச் சரித்திரமே கிடையாது. புருஷன் ஒரு நாற்காலியில், மாமியார் ஒரு நாற்காலியில், ரிப்போர்ட் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தால் அவரும். நோயாளி பேச ஆரம்பிப்பதற்குள் மற்றவர்கள் பாதி நோயைச் சொல்லி முடித்திருப்பார்கள். அன்றைக்கும் அஞ்சம்மாள் முந்திக்கொண்டு, "வேலைக்கெல்லாம் போய்க்கினுதாங்க இருக்குது டாக்டரு. கத்தி மட்டும் வேணாங்க" என்றாள்.

"ஒண்ணும் நிக்கலிங்க" என்றாள் கலைமதி.

"மாதவிலக்குல?"

"தாங்கிக்கறேங்க."

"தாம்பத்தியத்துல வலி இருக்கா?"

அஞ்சம்மாள் தலைக்குமேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள். வல்லரசு தன் செருப்பைப் பார்த்தான். கலைமதிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"இல்லிங்க" என்றாள்.

பொய். பச்சைப் பொய். வலி எங்கே அதிகம் என்று கேட்டால் அது பஸ்ஸும் இல்லை, புடவைத் தட்டும் இல்லை. வல்லரசு பக்கத்தில் வந்து படுக்கும்போதுதான் உயிரே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு அவன் கை மேலே பட்டாலே உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ள ஆரம்பித்தது. "பொண்ணு பெரியவ ஆயிட்டா, தனியா படுக்க பயப்படறா" என்று ஒரு சாக்கு கிடைத்தது. மகள் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

டாக்டர் எழுதிக்கொண்டார். "அப்ப அவசரம் இல்ல. மாத்திரை தரேன், சில பயிற்சி சொல்லித் தரச் சொல்றேன். பொறுத்துப் பாக்கலாம்."

அஞ்சம்மாள் அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வல்லரசு விடுவிடுவென்று முன்னால் நடந்து வண்டியை எடுக்கப் போனான். அந்த வாரத்திலிருந்து அவன் வண்டியிலேயே படுக்க ஆரம்பித்தான். கேட்டதற்கு, "பேட்டரி திருடறானுங்க" என்றான். வீட்டுச் சமாச்சாரம் எல்லாம் பேசினார்கள். பையன் ட்யூஷன், கேஸ் சிலிண்டர், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது. மற்றதெல்லாம் கலைந்துபோனது. கலைமதிக்கு அவன்மேல் இருந்த ஆசை கலையவில்லை. முற்றத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறவனைச் சமையல்கட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்தாள். சொந்தப் புருஷனை. கொடுமையைப் பாருங்கள்.

ஆடி வந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த சாயங்காலம், மாவிளக்கு வேண்டுதல் உள்ளவர்கள் எல்லாரும் கோயில் எதிரே வரிசையாகப் படுத்தார்கள். ஈரப் புடவையோடு மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றின்மேல் வாழை இலை. இலைமேல் அரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டை. அதில் குழி செய்து நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். விளக்கு தானாக மலையேறும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, அசையக் கூடாது. மற்றவர்கள் வீட்டில் எல்லாம் குழிக்கு ஒரு கரண்டி நெய் ஊற்றினார்கள். அஞ்சம்மாளுக்கு மருமகள் என்றால் உயிர். உருண்டையைப் பெரிதாகப் பிடித்து, கிணறு மாதிரிக் குழி செய்து, டப்பாவோடு சாய்த்துவிட்டாள்.

"அத்த, போதும் அத்த" என்றாள் கலைமதி.

"சும்மா இரு. ஆத்தாவுக்குச் செய்யறதுல கஞ்சத்தனம் பண்ணலாமா?"

கால் இரண்டையும் நீட்டி மல்லாந்து படுப்பது கலைமதிக்கு ஆகாது. வீட்டில் எப்போதும் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுப்பாள். நீட்டினால் உள்ளே எல்லாம் விறைத்து இழுக்கும். முதலில் பொறுத்தாள். வரிசையில் ஒவ்வொரு விளக்காக மலையேற, ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். கலைமதி விளக்கு மட்டும் கொழுந்துவிட்டு எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. பார்த்த ஜனங்கள் பக்தி என்று நினைத்துவிட்டார்கள். "ஓம் சக்தி, பராசக்தி!" என்று யாரோ கத்தினார்கள். அஞ்சம்மாளும் அழுதாள், ஆத்தா இறங்கிவிட்டாள் என்று. அழுது முடித்துவிட்டுக் கூழ்ப் பாத்திரம் கழுவப் போனாள்.

"தங்கச்சி, வயித்தால மூச்சு வுடாத. நெஞ்சால வுடு. இல்லன்னா வெளக்கு ஆடும், நெய்யி கொட்டிக்கும்."

பக்கத்தில் படுத்திருந்தவள்தான் சொன்னாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள் கலைமதி. இவளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மூக்குத்தியும் பெரிய பொட்டுமாக, வயிற்றின்மேல் விளக்கோடு, ஏதோ பீச்சில் காற்று வாங்குகிறவள்போலப் படுத்திருந்தாள். பெயர் சின்னபொண்ணு. பிறந்தது இந்த ஊர், வாழ்க்கைப்பட்டது பாண்டிச்சேரிக்குக் கிட்டே இரும்பை என்கிற ஊர். அவளுடைய அம்மாவும் நெய்யில் கை தாராளம் போலிருக்கிறது, அவள் விளக்கும் அணைவதாக இல்லை.

"ஒனக்கு இன்னா நோவு?"

"உள்ள ஒட்டிக்கினு இருக்குதாங்க்கா. சிசேரியன் பண்ணதுல."

"அட, எனக்கும் அதே எழவுதான்!" சின்னபொண்ணுக்குச் சொந்தக்காரியைப் பார்த்த சந்தோஷம். "பாண்டிச்சேரி பக்கம் பண்ணிக்கினேன். ஓட்ட போட்டு பிரிச்சி வுட்டாங்க."

கலைமதிக்கு எழுந்து உட்கார வேண்டும்போல இருந்தது. விளக்கு விடவில்லை. "நல்லாயிடுச்சாக்கா?"

"நாலு வருஷம் நல்லா இருந்துச்சு. இப்ப திரும்பவும் கொஞ்சம் கொஞ்சமா இழுக்குது."

"அப்ப எதுக்கு மாவெளக்கு? மறுபடியும் வேண்டிக்கினியா?"

"இல்லம்மா. அந்த நாலு வருஷத்துக்குத்தான் இது. தூங்குனேன், நடந்தேன், சிரிச்சேன். எங்க ஊட்டுக்காரரோட ஒரே பாயில படுத்தேன்." சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரிக்கப் போனவள் விளக்கு ஆடுவதைப் பார்த்துச் சட்டென்று அடக்கிக்கொண்டாள். "ஐய, நெய்யி!"

கலைமதி விளக்கை மறந்து அவள் பக்கம் கண்ணைத் திருப்பினாள். இவ்வளவு நாளாக உலகத்தில் தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று நினைத்திருந்தாள்.

"அதுலயும் நோவுமாக்கா? எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும் எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு நொந்துச்சு. ஏன், ஒனக்கு இல்லியா?"

கலைமதி இமையை மட்டும் மூடித் திறந்தாள்.

"டாக்டராண்ட சொன்னியா?"

"மாமியாரு பக்கத்துல இருந்தாங்க. அவரும் இருந்தாரு. இல்லன்னு சொல்லிட்டேன்."

"வாயில கொழுக்கட்டயா வெச்சிக்கினு இருந்த? சொல்லாத நோவுக்கு அவங்க எப்பிடி வைத்தியம் பாப்பாங்க?"

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாங்கறியாக்கா?"

"ஐயய்யோ, அது எனக்குத் தெரியாதும்மா. நான் பண்ணுன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். எங்கூர்ல ஒருத்தி பண்ணிக்கினா, நோவு அப்பிடியே கீது, என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கறா. நான் சொல்லி நீ பண்ணிக்கினு, போவலன்னா நீயும் திருப்பிக்குவ. எனக்கு எதுக்கு வம்பு?"

இருட்ட ஆரம்பித்த பிறகுதான் விளக்கு மலையேறியது. மாவைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். கலைமதி எழுந்து நிற்க முடியாமல் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஒனக்கு ஒண்ணும் இல்லடி, ஆத்தா எடுத்துக்கினா" என்று அஞ்சம்மாள் நெற்றியில் திருநீறு பூசினாள். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. பாவம், எவ்வளவு நம்பிக்கை. இவளிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது.

கடைக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டுக் கலைமதி விழுப்புரத்துக்குத் தனியாகப் போனாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண், "கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள். யாரும் இல்லை என்றதும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். "டாக்டர், அன்னிக்கு எது நின்னு போச்சுன்னு கேட்டீங்க. கடைசியா ஒண்ணு கேட்டீங்களே, அதுல நோவுதுங்க, அதுதான் நின்னு போச்சுங்க. ரொம்ப நாளாச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. அன்னைக்கு உங்கள மட்டும் உள்ள வெச்சுக் கேட்டிருக்கணும். அது என் தப்பு."

டாக்டர் ஒருத்தர் தப்பு என்று சொல்லிக் கலைமதி கேட்டதில்லை. "பரவால்லிங்க" என்றாள். பிறகு அழுதாள். டாக்டர் அழவிட்டார்.

"இது இருக்குன்னா கேமரா விட்டுப் பாக்கறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அன்னைக்குச் சொன்னதெல்லாம் அப்படியேதான். போகலாம். போய்ட்டுத் திரும்ப வரலாம். போகாமலும் இருக்கலாம். நான் சத்தியம் எதுவும் பண்ண முடியாது. வீட்டுக்காரர்கிட்ட முதல்ல பேசுங்க. கையெழுத்துக்காகச் சொல்லல. ரெண்டு பேரும் தெரிஞ்சு வாங்க. சரின்னா புதன்கிழமை வாங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு நியாயமாகப் பயம் வந்திருக்க வேண்டியது குடலைப் பற்றி. வரவில்லை. வல்லரசிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பயமாக இருந்தது. கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தை இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. பேச வேண்டிய அவசியமும் அப்போது இருந்ததில்லை.

மறுநாள் காலையில் வல்லரசு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றினான். "நானும் வரேன், கடையாண்ட எறக்கி வுடு" என்று முன்னால் ஏறிக்கொண்டாள். அவன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அவள் ஆரம்பித்தாள்.

"நேத்து நான் கடைக்குப் போவல" என்றாள். "டாக்டர பாத்துட்டு வந்தேன். தனியா."

"தனியா எதுக்குப் போன? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கு ஒரு பொய் சொன்னேன். அத மாத்திச் சொல்லப் போனேன்."

"இன்னா பொய்யி?"

கலைமதி கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தாள். "நீ கிட்ட வர்றப்ப நோவுதான்னு கேட்டாங்க இல்ல. இல்லன்னு சொன்னேன். நோவுதுய்யா. உசுரு போற மாதிரி நோவுது. அதனாலதான் பொண்ணாண்ட போய்ப் படுத்தேன். அவ ஒண்ணும் பயப்படல."

வல்லரசு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். வல்லரசுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு நீ இல்லன்ன பாரு" என்றான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. "நான் அங்கதான் ஒக்காந்துக்கினு இருந்தேன். ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல, நோவும் இல்லன்னுட்டா. அப்ப இவளுக்கு என்னத்தான் புடிக்கலன்னு நெனச்சேன். அவ்ளோ பேருக்கு நடுவுல, டாக்டர் முன்னாடி தெரிஞ்சிக்கினேன்னு நெனச்சேன். அப்பிடியே செத்துடலாம்னு இருந்துச்சு கலை."

கலைமதி திகைத்துப்போனாள். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்ன ஒரு சொல் அவனைப் போய் இப்படிக் குத்தியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "அதனாலதான் வண்டியில போய்ப் படுத்தியா? பேட்டரி திருடறானுங்கன்னு?"

"எவன் திருடறான்?" என்றான். மூக்கை உறிஞ்சினான். "மூட்ட தூக்கற ஒடம்பு, வேர்வ நாத்தம் புடிக்கல போலன்னு சோப்பு மாத்துனேன். நீ பாக்கக்கூட இல்ல."

"பாத்தேன். எவளுக்காகவோ மாத்தறன்னு நெனச்சேன்."

"அடிப் பாவி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அவளுக்கு வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகம் உடனே மாறியது.

"ஆபரேஷனெல்லாம் வேணாம் வுடு" என்றான். "குடல்ல பட்டுடும்னு வேற சொன்னாங்க. எனக்காகன்னு நீ போய் படுக்காத. எனக்கு அது இல்லன்னா ஒண்ணும் கொறஞ்சிடாது. நான் இருந்துக்குவேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். கலைமதிக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பொத்துக்கொண்டு வந்தது.

"நீ இருந்துக்குவ. பெரிய தியாகி! என்ன ஒரு வார்த்த கேட்டியா? எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்றீங்க. ஒங்கம்மா சாமிகிட்ட பேசறாங்க, நீ டாக்டர்கிட்ட பேசற, தெருவே கர்ப்பப்பைய எடுக்கச் சொல்லுது. எனக்கு இன்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு வேணும்யா. ஒனக்குக் கொறயாது, எனக்குக் கொறயுது. ஒன் பக்கத்துல நான் படுக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. பட்டப்பகலில், திண்டிவனம் ரோட்டில், பின்னால் மல்லாட்டை மூட்டையை வைத்துக்கொண்டு. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா கத்தி படக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருக்குதே" என்றான் வல்லரசு மெதுவாக.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். ஒங்கம்மாகிட்ட நீ பேசு."

"ஆத்தாகிட்ட வேணா நான் பேசறேன், எங்கம்மாகிட்ட நீ பேசேன்."

"அதெல்லாம் முடியாது."

அவன் சாவியைத் தொட்டான், வண்டியைக் கிளப்பவில்லை. "பண்ணியும் போவலன்னா இன்னா பண்ணுவ?"

அதை அவள் பஸ்ஸிலேயே யோசித்துவிட்டாள். "போவலன்னா போவல. அப்பவும் நீ வண்டியில போய்ப் படுக்கக் கூடாது. சும்மா பக்கத்துல படு."

வல்லரசு தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எந்தக் கெழம வரச் சொன்னாங்க?"

"புதன்."

"அன்னிக்கு லோடு எடுக்க மாட்டேன்னு சொல்லிடறேன்" என்றான். "டாக்டர் ரூமுக்குள்ள நீ மட்டும் போ. நான் வெளிய ஒக்காந்துக்கறேன். கூப்ட்டா வர்றேன்."